இடக்கைப் பக்கத்து ஜன்னல்

ஜனவரி 20, செவ்வாய்

ரசல் மார்க்கெட் பின்சந்து டிக்கெட் கடைக்குப் போனேன். கொழும்புக்கு இரண்டு பேர். கொச்சிக்கடை அந்தோணியாருக்கு மனைவியின் நேர்ச்சை ரொம்ப நாள் பாக்கி. இடது பக்கம் ஜன்னல் வேண்டும் என்றேன். "ஜன்னல்னா ஜன்னல்தான் சார், எந்தப் பக்கமா இருந்தா என்ன?" என்றார் கடைக்கார பாய். இருக்கைக்குத் தனிக் காசாம். அந்தக் காசுக்கு நம் சிவாஜிநகரில் இரண்டு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிடலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

பேரனின் அட்லஸில் ஸ்கேல் வைத்து, நம் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குக் கோடு இழுத்தேன். திருச்சிக்குச் சற்று மேற்கே போய், ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் கடலில் இறங்குகிறது கோடு. ஸ்ரீரங்கம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கற்பிட்டி எல்லாமே அதற்குக் கிழக்கே. தெற்கே போகிறவனுக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம். வலது பக்கம் உட்கார்ந்தால் மன்னார் வளைகுடாவின் வெறும் நீலம்தான். விமானம் என் கோட்டின் மேல் அப்படியே பறக்காதுதான். ஆனாலும் பந்தயம் இடது பக்கத்தின் மேலேதான்.

அடுத்தது வெயில். காலை விமானத்தில் இடது ஜன்னலில் சூரியன் முகத்தில் அடிக்கும், கண்ணாடிக் கீறலெல்லாம் மின்னும். மதியத்துக்கு மேல் என்றால் வெயில் மறுபக்கம் போய்விடும். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ஜின் சூட்டில் காட்சி நெளியும். ஆகவே முன்னால், 7ஏ. பிரியாணிக் காசு போனால் போகட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

விமானத்தில் ஏறியதும், "நான் ஜன்னல்ல உட்காரட்டுமா?" என்றாள் மனைவி. இத்தனை கணக்கும் போட்டது நான். ஆனால் அவள் அப்பா 1950களில் போட் மெயிலில் போனவர்: தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அடித்துக்கொண்டு போனது. நான் என்ன சொல்ல? 7பி-யில் உட்கார்ந்தேன்.

கிழக்கு நோக்கிக் கிளம்பியதால் முதலில் நந்தி மலை அவளுக்கு. பிறகு கொஞ்ச நேரம் வறண்ட பூமி, ஏரிகள். மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் நிறுத்தும் காலம். காவிரி மணலாகவே கிடந்தது. ஸ்ரீரங்கத்தை நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், கோபுரமெல்லாம் தெரியவில்லை, இரண்டு மணல் ஆற்றுக்கு நடுவே ஒரு பச்சை இலை.

கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும், பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 2025-இல் திறந்த புதியது, பக்கத்தில் சாலைப் பாலம் என்று பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த உயரத்திலிருந்து எல்லாம் சேர்ந்து நகத்தால் கீறிய ஒரே கோடு. அப்புறம் தீவு மெலிந்து மெலிந்து ஒரு மணல் வாலானது. அதற்கு அப்பால் நீலத்தில் வெளிர்த் திட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, மன்னாரை நோக்கி.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். எனக்கு அதன்பின் தெரிந்தது அவள் கொண்டைதான். எல்லாம் நாலைந்து நிமிடம்.

பிப்ரவரி 12, வியாழன்

நேர்ச்சை முடிந்தது. நாளை மதியம் கிளம்புகிறோம். வடக்கே வரும்போது கிழக்கு வலக்கைப் பக்கம். பாய்க்கு வாட்ஸ்அப் செய்துவிட்டேன்: 7எஃப் அவளுக்கு, 8எஃப் எனக்கு.