விரலும் விசையும்

தச்சன் உளி வாங்கும்போது அதன் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பற்றிப் பார்க்கிறான். உழவன் மண்வெட்டியை வாங்குமுன் ஒருமுறை ஓங்கிப் பார்க்கிறான். முன்னாளில் ஏடு எழுதியோரும் எழுத்தாணியின் கனத்தையும் முனையின் கூர்மையையும் தேர்ந்தே கொண்டனர். மைப்பேனா வழங்கிய காலத்தில் நாமும் அதன் முள்ளைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கினோம். இந்நாளில் எழுத்தெல்லாம் கணிப்பொறிக்கு வந்துவிட்டது. ஆயினும், அதன் விசைப்பலகையை மட்டும் யாரும் ஆராய்ந்து வாங்குவதில்லை. பெட்டியோடு வந்தது எதுவோ அதுவே போதும் என்று இருந்துவிடுகிறோம். விளையாடும் பிள்ளைகளோ அங்ஙனம் இருப்பதில்லை. ஒரு விசை எத்துணை ஆழம் இறங்குகிறது, எத்துணை எடைக்குப் பணிகிறது என்றெல்லாம் கணக்கிட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். அக்கணக்கை யான் என் பேத்தியிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

எனக்கு ஆசிரியராய் இருந்த பெரும்புலவர் ஒருவர், தாம் பாடம் சொன்ன நூல்களுக்கெல்லாம் தம் கைப்பட உரைக்குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவை பதினொரு குறிப்பேடுகள். அவர் மறைந்தபின் அவை என்னிடம் வந்து சேர்ந்தன. தாள் பழுத்து மடிப்பில் ஒடிகிறது, மை வெளுத்துவிட்டது. ஓய்வு பெற்ற நாள்தொட்டு அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி வருகிறேன். இன்னும் சில ஆண்டுகள் சென்றால் அவற்றைப் படிக்கவே இயலாது. என் வலக்கை மோதிர விரலும் முன்போல வளைவதில்லை. ஆதலால் இப்பணியைத் தள்ளிப்போட வழியில்லை.

யான் தட்டெழுதும் முறை தமிழ் 99 என்பது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில் நிற்க, அவற்றின் நெடில்கள் நேர் மேலே நிற்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘பட்டு’ என்று எழுத ப, ட, ட, உ என நான்கு தட்டுகள் போதும். இலக்கணம் அறிந்தவர் ஒருவர் உடனிருந்து வகுத்ததுபோல அவ்வமைப்பு இருக்கும்.

இவ்வழகிலேயே ஓர் இடரும் உண்டு. என் பழைய விசைப்பலகையில், விசைகளின் கீழே மெல்லிய ஏடுகளும் அவற்றின்மேல் இரப்பர்க் குமிழ்களும் இருந்தன. குமிழ் முற்றிலும் நசுங்கினால்தான் எழுத்துப் பதியும். குமிழ்கள் தளர்ந்துபோன பிறகு, இருமுறை தட்டிய எழுத்து ஒருமுறையே பதியலாயிற்று. ‘பட்டு’ படு ஆயிற்று. ‘எட்டு’ எடு ஆயிற்று. பிழையான சொல் பொருளற்ற சொல்லாக நின்றால் கண்ணில் பட்டுவிடும். இங்கோ பிழையும் ஒரு நல்ல சொல்லாகவே நிற்கிறது. என் ஆசிரியர் எழுதாத சொல் அவர் பெயரால் நிலைத்துவிடுமோ என்னும் அச்சத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றுமுறை ஒப்பிட்டுப் படிக்க வேண்டியதாயிற்று.

பதினோராம் வகுப்பில் பயிலும் என் பேத்திக்கும் அப்பலகையால் குறை இருந்தது. அவள் ஐவர் கொண்ட அணியில் சேர்ந்து கணிப்பொறியில் விளையாடுபவள். கணிப்பொறி விளையாட்டைப் பொழுதுபோக்கென்று இகழும் பெரியோர் பலர். யான் அவள் அருகில் அமர்ந்து சில மாலைகள் பார்த்தேன். சதுரங்கத்தில் உள்ள சூழ்ச்சியும் சடுகுடுவில் உள்ள விரைவும் அதில் இருந்தன. இகழ மனம் வரவில்லை. என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியும் அவளுடைய சேமிப்பும் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் ஆயிற்று. அதனைக் கொண்டு இருவருக்கும் உதவும் ஒரே பலகை வாங்குவதென்று முடிவு செய்தோம். ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று கடைத்தெருவில் வழங்கும் இயந்திர விசைப்பலகையே வேண்டும் என்பது அவள் கட்சி. பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், பெரும்பாலான கடைகளில் பெட்டியைப் பிரிக்கவிடமாட்டார்கள். ஒரு கடையில் மட்டும், வெவ்வேறு வகைச் சுவிட்சுகள் ஒன்பதைச் சிறு பலகையொன்றில் பதித்து, வருவோர் அழுத்திப் பார்க்க வைத்திருந்தனர். அங்கே நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம்.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனிச் சுவிட்சு உண்டு. அதனுள் ஒரு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தகடுகள். விரல் அழுத்தத் தண்டு இறங்கும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், எழுத்துப் பதியும். அடிமட்டம் வரை அழுத்த வேண்டுவதில்லை. பாதி வழியிலேயே பதிந்துவிடும். செர்ரி என்னும் நிறுவனம் 1980-களில் வெளியிட்ட சுவிட்சு வகையே இன்று பலரும் பின்பற்றும் மாதிரி. அதன் காப்புரிமைக் காலம் கழிந்தபின், சீன நாட்டு நிறுவனங்கள் பலவும் அவ்வமைப்பிலேயே செய்து விலையைக் குறைத்தன. தண்டின் நிறத்தைக் கொண்டே வகையை அறிவது வழக்கம்.

சிவப்புத் தண்டு வழவழவென்று நேரே இறங்குகிறது. பழுப்புத் தண்டு இடையில் ஒரு சிறு மேட்டைக் கடப்பதுபோல் விரலுக்கு உணர்த்துகிறது. நீலத் தண்டு மேட்டையும் உணர்த்தி, ‘டக்’ என்று ஒலியும் எழுப்புகிறது. செர்ரி நிறுவனத்தின் கணக்கில் சிவப்பு 45 சென்டிநியூட்டன், பழுப்பு 55, நீலம் 60. இவ்வெண்கள் எனக்கு விளங்கவில்லை என்றேன். பேத்தி என் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நாணயங்களை எடுக்கச் சொன்னாள். ஒரு நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். சிவப்பு விசையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஆறாவது நாணயத்தில் விசை இறங்கியது. நீலத்திற்கோ எட்டு வேண்டியிருந்தது. “தாத்தா, ஒரு பக்கம் எழுத உங்கள் விரல் எத்தனை முறை இந்த இரண்டு நாணயங்களை வீணாகச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்,” என்றாள். கடைக்காரர் சிரித்தார், ஆனால் நாணயங்களை அகற்றச் சொல்லவில்லை.

நீலத்தின் ஒலி எனக்கு உவப்பானது. இளமையில் தட்டெழுத்துப் பயிற்சிக்கூடத்தில் இருபது பொறிகள் ஒருங்கே முழங்கக் கேட்டவன் யான். எனினும், எங்கள் வீட்டில் அறை ஒன்றே. இரவில் என் மனைவி கண்ணயர்ந்தபின் யான் எழுதுகிறேன். ஆதலால் நீலத்தை நீக்கினோம். சிவப்பு மெல்லியது, ஆனால் எழுதும் இடையே சிந்திக்க நிற்கும்போது, விசையின்மேல் ஓய்வாக வைத்த விரலே ஓர் எழுத்தைப் பதித்துவிடுகிறது. பழுப்பில் அவ்விடர் குறைவு. எழுத்துப் பதிந்தது என்பதைக் கண்ணுக்கு முன்னே விரல் அறிந்துவிடும். படியெடுப்பவனுக்குக் கண் குறிப்பேட்டில் இருக்க வேண்டும், திரையில் அன்று. எனவே எனக்குப் பழுப்பே ஏற்றது என்று கண்டேன். பேத்திக்கோ அந்த மேடு ஒரு தடை. அவள் சிவப்பையே விரும்பினாள்.

இங்கே மற்றொரு நுட்பமும் தெரிந்தது. இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது உடனே ஒட்டி நிற்பதில்லை. ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அதிர்ந்து, தொட்டும் விட்டும் நடுங்குகின்றன. அந்நடுக்கத்தைப் பல தட்டுகளாகக் கொள்ளாதிருக்க, பலகையினுள் உள்ள சில்லு சிறிது காத்திருந்தே ஒரு தட்டு என்று முடிவு செய்கிறது. விளையாட்டுப் பலகை செய்வோர் விரைவை நாடி அக்காத்திருப்பைக் குறைக்கிறார்கள். புதிய சுவிட்சில் அதனால் கேடில்லை. தேய்ந்த சுவிட்சிலோ ஒரு தட்டு இரண்டாகப் பதியும். பேத்தியின் தோழி ஒருத்தியின் பழைய பலகையில் யானே கண்டேன்: ‘படு’ என்று எழுதினால் ‘பட்டு’ என்று வந்தது! இரப்பர்க் குமிழில் உண்ட எழுத்தை உலோகத் தகடு உமிழ்கிறது. ஆதலால், காத்திருக்கும் நேரத்தை நாமே கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் பலகையே வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

தகடுகளே இல்லாத வகையும் உண்டு. தண்டின் அடியில் ஒரு காந்தம். அது நெருங்குவதைக் கீழிருக்கும் உணரி அளக்கிறது. 1879-இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் கண்டறிந்த விளைவே இதற்கு அடிப்படை. எவ்வளவு ஆழத்தில் எழுத்துப் பதிய வேண்டும் என்பதை நாமே வகுத்துக்கொள்ளலாம். விரல் இம்மியளவு மேலெழும்பினாலும் விசை விடுபட்டதாகக் கொள்ளச் செய்யலாம். விளையாடுவோர் இதனைப் பெரிதும் போற்றுகின்றனர். ஆயின் இவ்வகையில் பெரும்பாலானவை மேடற்ற வழவழப்பு உடையவை; என் விரலுக்கு ஆகா.

இத்தகைய பலகைகளைக் குறித்துப் பேத்தி சொன்ன செய்தி ஒன்று என் நினைவில் நிற்கிறது. இடப்புறமும் வலப்புறமும் நகர்த்தும் இரு விசைகளை மாறி மாறி அழுத்துபவர், ஒன்றை விட்டபின்பே மற்றதை அழுத்த வேண்டும். அதுவே ஆட்டத்தின் கடினமான திறன்; பல மாதப் பயிற்சியால் வருவது. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் அந்த விடுதலைப் பலகையே பார்த்துக்கொள்ளும்படி ஒரு வசதியைத் தந்தது. முன்னதை விடாவிட்டாலும் பின்னதே செல்லும். அடுத்த மாதமே, கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்னும் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் சேவையகங்களில் அவ்வசதியைப் பயன்படுத்துவோரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. “அது இருந்தால் நான் எளிதில் வெல்வேன், தாத்தா, ஆனால் வென்றது நானா, பலகையா என்று தெரியாதே!” என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டிகளின்மேல் அச்சிட்ட பெருமைகளுள் பலவற்றை விரைந்து கடந்தோம். நொடிக்கு 1000 முறை கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும் பலகையும் உண்டு. 8000 முறை அனுப்புவதும் உண்டு. முன்னதில் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. என் மோதிர விரலுக்கு அதுவே மிகை! வண்ண விளக்குகளைப் பற்றி யான் சொல்ல வேண்டுவது, அவற்றை அணைக்க முடியும் என்பதே. விசை மூடிகள் எப்பொருளால் ஆனவை என்று மட்டும் நின்று பார்த்தோம். ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் விரல் பட்டுப் பட்டு விரைவில் மினுமினுக்கும். பிபிடி என்பது நெடுநாள் சொரசொரப்பு மாறாது.

விசைகளின் எண்ணிக்கையில் எனக்கு விட்டுக்கொடுக்க இயலாத ஓர் எல்லை இருந்தது. முழுப்பலகையில் 104 விசைகள். எண்பகுதி நீங்கினால் 87. இன்னும் சுருங்கினால் 61. மேசையில் இடம் மிச்சம் என்று நாற்பது ஐம்பது விசைகளோடு நிற்பனவும் உண்டு. அவற்றுட் பலவற்றில், ச, ஞ ஆகியவற்றுக்குரிய விசைகளே இல்லை. வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டுதான் அவற்றைப் பெற வேண்டும். சொல் என்று எழுதவே ஒரு துணைவிசை தேடும் பலகையைத் தமிழாசிரியன் எங்ஙனம் ஏற்பான்? 87 விசைகள் கொண்டதே எங்கள் தேர்வு.

பழுப்பா, சிவப்பா என்னும் வழக்குத் தீரவில்லை. சுவிட்சுகளைப் பற்றவைக்காமல், பிடுங்கி மாற்றும்படி அமைந்த பலகைகள் இருக்கின்றன என்று கடைக்காரர் காட்டினார். “உனக்கு எவ்விசைகள் வேண்டும்?” என்று பேத்தியைக் கேட்டேன். “நான்கு போதும் தாத்தா. முன்னே செல்ல ஒன்று, பின்னே வர ஒன்று, இடம் வலம் இரண்டு,” என்று விரல் வைத்துக் காட்டினாள். பார்த்தவுடன் வியந்தேன். தமிழ் 99 அமைப்பில் அவை ஈ, இ, அ, உ! அவற்றுள் அ, இ, உ மூன்றும் நம் இலக்கணத்தின் சுட்டெழுத்துகள். அவன், இவன், உவன் எனத் திசையும் சேய்மையும் காட்டுபவை. அவளும் திசை காட்டவே அவற்றை அழுத்துகிறாள். வெறும் ஒற்றுமைதான், ஆயினும் வீடு வரும்வரை அதனையே பேசிக்கொண்டு வந்தோம்.

அந்த நான்கு இடங்களிலும் சிவப்பும், ஏனைய இடமெல்லாம் பழுப்புமாக அவளே இடுக்கியால் மாற்றிக் கொடுத்தாள். காத்திருக்கும் நேரத்தையும் சற்றே கூட்டி வைத்தாள். இடச்சுட்டுவிரல் தங்கும் விசையில் கண் பாராமலே இடம் அறிய ஒரு சிறு மேடு இருக்கிறது. தமிழ் 99-இல் அவ்விசை புள்ளிக்குரியது. விரல் வைத்தவுடன் புள்ளி தட்டுப்படுகிறது. ஒப்பிட்டுப் படிப்பது இப்போது ஒருமுறையே. நான்காம் குறிப்பேட்டின் இறுதிப் பக்கங்களுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஏழு இருக்கின்றன. இன்று இரவு எட்டரை மணிக்குப் பலகையை ஒப்படைக்க வேண்டும். அவளுடைய அணிக்கு ஆட்டம் இருக்கிறது.