வலிக்காத கால்

ஒருநாள் காலை நடையை முடித்துக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்!" என்று என் மனைவி பதறினாள். செருப்புக்குள் ஒரு சரளைக்கல். ஒரு மணி நேரம் அதை மிதித்தபடியே நடந்திருக்கிறேன். துளியும் வலிக்கவில்லை. இருபது வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருந்தன.

அதற்குப் பிறகுதான் டாக்டர் பால் பிராண்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு வந்து, அங்கே தொழுநோயாளிகளுக்குக் கையும் காலும் சீராக்கிக் கொடுத்தவர். விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் அவை அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவர். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது, வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்ய முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அறியும் சென்சார்கள். அழுத்தம் கூடினால் காதில் ஓசை கேட்கும். ஓசையைப் பலர் பொருட்படுத்தவில்லை என்றதும் லேசான மின் அதிர்ச்சி வைத்தார். கைவேலை முடியவேண்டும் என்றால் நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் அந்த முயற்சியையே அவர் கைவிட்டார்.

இன்று அதே எண்ணம் ஷூவுக்குள் போடும் மெல்லிய இன்சோலாக வந்திருக்கிறது. குதிகால் பதிவதிலிருந்து கட்டைவிரல் உந்தி எழும்வரை, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் பாரம் நின்றது என்று ஒவ்வோர் அடியையும் குறித்துக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு அந்த எண்களைக் கோத்துப் பார்த்து நடையின் மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது. முன்பு காலில் புண் வந்து ஆறிய சர்க்கரை நோயாளிகளிடம் மான்செஸ்டரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஒரே இன்சோல். பாதிப்பேருக்கு மட்டும் கைக்கடிகாரத்தில் எச்சரிக்கை. எச்சரிக்கை கிடைத்தவர்களிடம் புண் திரும்ப வருவது 71 சதவீதம் குறைந்தது. பிராண்ட் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று என் மனம் ஏங்கியது.

ஆனால் நம் ஊரில் ஷூ வாசற்படியோடு நின்றுவிடுகிறதே. வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால். மத்தியானப் பிராகாரக் கல்லின் சூடு இன்சோலுக்கு எப்படித் தெரியும்? இதைச் செய்கிறவர்கள் நம் காலையும் மனத்தில் வைத்துச் செய்யவேண்டும்.

சுவிட்சை அணைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சரளைக்கல் குத்தி ஆறிய மறு வருஷமே திருவண்ணாமலை கிரிவலம் கிளம்பினேன். "செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க, சாமி கோவிச்சுக்காது" என்றாள் மனைவி. பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலோடுதான் சுற்றினேன். எனக்கு எச்சரிக்கை ஒரு தடவையல்ல, வழிநெடுகச் சொல்லப்பட்டது. நான்கு மாதம் படுக்கை. இடது சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதுவும் எனக்கு வலிக்கவில்லை, அவள்தான் அழுதாள்.

இப்போது தினமும் விளக்கு வைத்ததும் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலிடுக்கெல்லாம் பார்க்கிறாள். முதலில் கூச்சமாக இருந்தது, காலை இழுத்துக்கொள்வேன். இந்தப் பௌர்ணமிக்கு அவள் மட்டும் மலை சுற்றப் போயிருக்கிறாள். ஏழு மணிக்குப் போன் செய்தாள். "பார்த்தீங்களா?" என்றாள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலை அதன் மேல் பிடித்தபடி, "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.