ஒரே அடி, ரெண்டு உடம்பு

எங்க பக்கம் யாரும் பறைன்னு சொல்லமாட்டாங்க. தப்புதான். தவறுக்கும் அதே சொல். எங்க அய்யா கையில் இருந்த வாத்தியத்துக்கும் அதே சொல்.

பத்து வருசமாக மேடையில் தப்பாட்டம் ஆடுகிறேன். கல்லூரி விழா, மாநாடு, பொங்கல் விழா, எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான். துள்ளலாக இருக்கணும், பதினைந்து நிமிசத்தில் முடியணும், சாவு அடி கூடாது. போன வருசம் என் குழுப் பெண்கள் ஏழு பேரோடு ஒரு மணி நேர ஆட்டம் ஒன்றை உருவாக்கியபோது, அந்தக் கூடாத அடியிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு. "அக்கா, சாவுக்கு அடிக்கமாட்டேன்னு சொல்லி எங்கப்பா ஊர்க்காரங்ககிட்ட ஒதை வாங்குனாரு. அதையே நான் மேடையில அடிக்கவா?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய பறை மறுப்பும் இதைத்தான் கேட்டது. பேசிய கூலி கிடையாது, வரமுடியாதுன்னு சொல்லும் உரிமை கிடையாது. அப்படி அடிக்கவைத்த தப்பைத் தூக்கி எறிந்தது விடுதலை. 1991இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, தலித் கலைவிழாக்கள் அதே தப்பை எதிர்ப்பின் குரலாகக் கையில் எடுத்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழு அதைப் பெண்கள் கையில் கொடுத்தது. எறிந்ததும் சரி, எடுத்ததும் சரி. ரெண்டையும் ஒரே ஆட்டத்துக்குள் எப்படி வைப்பது?

பதில் அய்யாவின் முதுகில் இருந்தது. ஊர்த்தெருவில் சாவு என்றால் அய்யா செருப்பில்லாமல், தோள்துண்டை இடுப்பில் கட்டி, ஒதுங்கி நின்று அடிப்பார். தலை நிமிராது. காசைத் தரையில் போடுவார்கள், பொறுக்கிக்கொள்ளணும். சேரியில் எங்க அப்பத்தா செத்தபோதும் அதே அய்யா, அதே அடி. ஆனால் நெஞ்சை நிமிர்த்தி, காலைத் தூக்கிவைத்து, விடிய விடிய ஆடினார். அடியில் இழிவு இல்லை. குனியவைத்த கட்டாயத்தில்தான் இருக்கிறது.

ஆட்டத்தை அப்படியே கட்டினோம். ஒரு கையில் அடிகுச்சி, மறுகையில் சிண்டுகுச்சி. கடைசிவரை ஒரே அடி, ஒரே வேகம். முதல் இருபது நிமிசம் எட்டு முதுகும் குனிந்தே இருக்கும். ஒத்திகையில் இடுப்பு விட்டுப்போய் அழுதார்கள். நம்ம அப்பன்மார் ராத்திரி முழுக்க இப்படி நின்றார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்கள் உடம்புக்குத் தெரிந்தது. பிறகு ஒருத்தி அடியை விடாமல் நிமிர்வாள். அப்புறம் அடுத்தவள். வைக்கோலை மூட்டித் தோலைக் காய்ச்சுவோம். இளகிக் கிடந்த சத்தம் கணீரென்று ஏறும்.

நகரத்து அரங்கில் ஆடினபோது, "நாட்டுப்புறக் கலைன்னா கொண்டாட்டம்தானே, எதுக்கு இவ்வளவு சோகம்?" என்றார் ஒருவர். சேரியில் ஆடினபோது, குனிந்த பகுதி முடிவதற்குள் ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, "பிள்ளைகளுக்கு அதக் காட்டாத தாயி" என்றார். "அதக் காட்டாட்டி, நிமிர்ந்தது எப்படிப் பெரியப்பா தெரியும்?" என்றேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது அடியில சிண்டு பிந்துது" என்று என் கையிலிருந்து குச்சியை வாங்கி அடித்துக் காட்டினார். உட்கார்ந்துகொண்டல்ல, நின்றுகொண்டு.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கலை என்று கைதட்டுகிறவர்கள் அந்தக் கலைஞனின் முதுகையும் பார்க்கணும். அதனால் எங்களைக் கூப்பிடுகிற தோழர்களிடம் இப்போது ஒரே நிபந்தனைதான் வைக்கிறோம்: நேரமில்லை என்று சொல்லி முதல் இருபது நிமிசத்தை வெட்டச் சொல்லாதீர்கள்.