இரண்டு படிக்கட்டுக் கப்பல்

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் எங்கே கூட்டிச் செல்வது என்பது, நெதர்லாந்தில் வாழும் எம்மவர் வீடுகளில் எப்போதும் எழும் கேள்வி. காசு அதிகம் கரையக்கூடாது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். ஆச்சிமாரும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சென்ற கோடையில் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து நாங்கள் றொட்டர்டாம் துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும் பழைய பயணிகள் கப்பலைப் பார்க்கப் போனோம். ஊரின் பெயரே கப்பலுக்கும் பெயர்.

மத்திய நிலையத்தில் மெட்ரோ ஏறி வில்ஹெல்மினாப்ளைனில் இறங்கினோம். அங்கிருந்து துறைமுக மேடை வழியே நடந்தால் அதன் நுனியில் ஹொட்டேல் நியூயோர்க் நிற்கிறது. அது 1993இல்தான் ஹொட்டேல் ஆனது. அதற்கு முன் ஹொலன்ட்-அமெரிக்கா கப்பல் கம்பனியின் தலைமைக் 'கந்தோர்' அது. இங்கே எல்லோரும் சொல்லும் அதே சொல்லைத்தான் எங்கள் பாட்டன்மார் யாழ்ப்பாணத்தில் சொன்னார்கள். கச்சேரிக்கும் கந்தோருக்கும் அலைந்தவர்கள் அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 1873இல் தொடங்கிய இந்தக் கம்பனியின் கப்பல்களில் ஏறித்தான் கிழக்கு ஐரோப்பாவின் ஏழைகளும் யூதர்களும் பெருந்தொகையாக அமெரிக்கா போனார்கள்.

மேடையிலிருந்து நடைபாலத்தைக் கடந்தால் காட்டன்ட்ரெக்ட் என்னும் பகுதி. நூறு ஆண்டுகளுக்கு முன் சீனக் கப்பல் தொழிலாளர் நெருக்கமாகக் குடியிருந்த இடம். இன்னும் கொஞ்சத்தூரம் நடக்க, அந்த முனையில் வெளிர்சாம்பல் நிறத்தில் கப்பல் தெரிந்தது. பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

நீளம் 228 மீற்றர். றொட்டர்டாமிலேயே கட்டியது. 1958 செப்ரெம்பரில் மகாராணி யூலியானா நீரில் இறக்கி வைத்தார். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க்குக்கு முதற் பயணம். அக்காலக் கப்பல்கள் பலவற்றுக்கு நடுவில் பெரிய புகைபோக்கி இருந்தது. இதற்கு இயந்திரங்களைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்ததால், பின்னே மெல்லிய இரண்டு குழாய்கள் மட்டும் நிற்கின்றன. கப்பலா, தொழிற்சாலையா என்று அந்நாளில் கேலி செய்தார்களாம். எங்கள் கண்ணுக்கு அது அழகாகவே பட்டது.

உள்ளே நாங்கள் அதிக நேரம் நின்றது நடுவில் உள்ள படிக்கட்டில்தான். இந்தக் கப்பலில் இரண்டு வகுப்பு: முதலாம் வகுப்பு, சுற்றுலா வகுப்பு. 'சுற்றுலா' என்று மரியாதையாகப் பெயர் வைத்தார்களே தவிர, கருத்து இரண்டாம் வகுப்புத்தான். முதலாம் வகுப்பாருக்கு ஒரு உலாவும் தளம், மற்றவர்களுக்கு அதன் கீழே இன்னொன்று. சாப்பாட்டு மண்டபமும் இரண்டு. ஆனால் படிக்கட்டுக்கு இருந்ததோ ஒரே கூடம். அதற்குள் கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் இரண்டு படிக்கட்டுகளை வைத்து, நடுவில் மறைப்பும் போட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், ஒரு முழ இடைவெளியில் ஏறி இறங்கினாலும் ஒரு வகுப்பார் மற்ற வகுப்பாரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். குளிர்காலத்தில் ஒரே வகுப்பாக உல்லாசப் பயணம் போகும்போது நகரும் கதவுகளைத் திறந்துவிடுவார்கள், எல்லோரும் எங்கும் போகலாம்.

"உந்தப் படியாலை ஏறினால் எங்கை பிள்ளை போறது?" என்று ஆச்சி கேட்டார். பிள்ளைகள் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கிக் காட்டினார்கள். "அப்ப எங்கடை ஊர்க் கோயில் வாசல்மாதிரித்தான்" என்றார் அவர். பெரியவர்கள் எவரும் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர் யார், உள்ளே போனவர் யார் என்று எங்களுக்குத் தெரியாததா?

மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது வயதான ஒல்லாந்துக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். யுத்தத்துக்குப் பின் இந்த நாட்டில் வீடும் இல்லை, வேலையும் போதாது. அரசாங்கமே ஊக்கப்படுத்தி இலட்சக்கணக்கானவர்களைக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பியது. அவருடைய அண்ணனும் 1950களில் கனடா போனவர். தாயார் கரையில் கைலேஞ்சி ஆட்டியதும், கப்பல் வளைவில் மறைந்த பிறகும் கையை இறக்காமல் நின்றதும் தமக்கு நினைவிருக்கிறது என்றார். பிறகு இயல்பாகவே கேட்டார்: "நீங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒரு குடும்பம் ஏஜென்சிக்குக் காணியை ஈடுவைத்துக் காசு கட்டி, மொஸ்கோவில் நாலு மாதம் ஒரு அறையில் அடைந்து கிடந்து, லொறியில் எல்லை கடந்து வந்தது. இன்னொருவர் யாருடையதோ கடவுச்சீட்டில் விமானத்தில் வந்தவர். கைலேஞ்சி ஆட்ட எவருக்கும் கரை இருக்கவில்லை. அயலுக்குத் தெரியாமல் இரவில் புறப்பட்டவர்கள் நாங்கள். தெரிந்த டச்சில் கொஞ்சம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைவிடக் கூர்ந்து கேட்டவர்கள் எங்கள் பிள்ளைகள். மொஸ்கோக் கதையை அவர்கள் அன்றுதான் முதன்முதல் கேட்டார்கள். அதுவும் வேற்று மொழியில்.

இயந்திர அறையையும் பார்க்கலாம். நீராவிக் கொதிகலன்கள், சுழலிகள், அளவுமானிகள் என்று ஆண்பிள்ளைகளை அங்கிருந்து இழுத்து வருவது பெரும்பாடு. பெண்பிள்ளைகளும் அப்படியே. மாலுமிகள் நின்று கப்பலோட்டும் மேடையும் திறந்திருந்தது.

விமானங்கள் வந்து அத்திலாந்திக் கப்பல் ஓட்டத்தை முடித்துவிட, 1969இல் இது முழுநேர உல்லாசக் கப்பலானது. 1997இல் விற்றுப் பெயரும் மாற்றினார்கள். 2008இல் திரும்பி வந்தது, 2010இல் ஹொட்டேலாகத் திறந்தது. அதற்கிடையில் நடந்தது வாடகை வீட்டில் இருக்கும் எம்மவர் அறியவேண்டிய கதை. கப்பலை வாங்கித் திருத்தியது வூன்பிறோன் என்ற சமூக வீடமைப்பு நிறுவனம். குறைந்த வருமானக்காரருக்கு வீடு கொடுக்கவேண்டிய நிறுவனம் அது. அஸ்பெஸ்ரஸ் அகற்றுவதிலும் திருத்துவதிலும் செலவு எகிறி 20 கோடி யூரோவைத் தாண்டியது. 2013இல் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே ஒரு ஹொட்டேல் கம்பனிக்கு விற்றார்கள். 2014இல் பாராளுமன்ற விசாரணைக் குழுவும் இதை ஆராய்ந்தது. நீங்கள் கட்டும் வாடகையைப் போன்ற வாடகையில்தான் அந்த மரப்பலகைகள் மினுங்குகின்றன. ஆகவே கூச்சப்படாமல் ஏறிப் பாருங்கள்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் நடைபாலத்தருகே பீனிக்ஸ் என்ற குடிபெயர்வோர் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ஹொலன்ட்-அமெரிக்காக் கம்பனியின் பழைய பண்டகசாலையில் 2025 மே மாதம் திறந்தார்கள். அங்கும் கூரையைத் துளைத்துக்கொண்டு இரண்டு படிக்கட்டுகள் பின்னிப் போகின்றன. ஆனால் இவை மறைப்பில்லாமல் ஒன்றையொன்று சந்திக்கின்றன. உள்ளே குடிபெயர்ந்தோர் கொடுத்த 2,000 பெட்டிகளை மதில்போல அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் பெட்டிகளைத் தேடவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. எங்களில் பலர் பெட்டியோடு வரவில்லை.

கப்பலில் சாப்பாடு விலை. புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போய்க் கரையில் உள்ள வாங்கில் இருந்து சாப்பிடுங்கள். பாலத்தில் கோடையிலும் காற்று பலமாக வீசும், ஆச்சிமாருக்குச் சால்வை மறக்கவேண்டாம்.