கம்ப்யூட்டர் வாங்க எந்த ரயில்?

விலை பேச லாமிங்டன் ரோடு. ஆனால் பழுது பார்க்க வருவது யார்? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்குக் கேள்வி ஒன்று; விடைகள் மூன்று.

மும்பையில் புதிய கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பத்தில் முதல் விவாதம் எந்த கம்பெனி என்பதைப் பற்றியதாக இருப்பதில்லை. எங்கே போய் வாங்குவது என்பதில்தான் அது தொடங்குகிறது. தெருமுனையில் தெரிந்தவர் கடையா, ஏ.சி. ஷோரூமா, இன்டர்நெட்டில் ஆர்டர் கொடுப்பதா, இல்லை எல்லோரும் சொல்லும் லாமிங்டன் ரோடா? சென்னைக்கு ரிட்சி தெரு, டில்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு; மும்பைக்கு லாமிங்டன் ரோடு.

தாராவிக்காரர்களுக்கு அங்கே போவது சுலபம். மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஏழாவது நிறுத்தம் கிராண்ட் ரோடு. 2025 அக்டோபரில் பாதாள மெட்ரோ கஃப் பரேடு வரை முழுமையாக ஓடத் தொடங்கியபின் தாராவியிலிருந்து கிராண்ட் ரோட்டுக்கு நேராகவே போய்விடலாம். மாட்டுங்காக்காரர்கள் தாதரில் ஒரு முறை ரயில் மாற வேண்டும். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் ஒன்று, தாதரில் ஒன்று என்று இரண்டு முறை மாற வேண்டும். போகும்போது இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆறு மாதம் கழித்து மெஷின் ஆன் ஆகாமல் நின்று, சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே கடைக்குப் போக வேண்டிவரும்போது தெரியும்.

இந்த விவாதம் இப்போது பல வீடுகளில் சூடுபிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11, இன்டெல்லின் பெரும்பாலான 7-ஆம் தலைமுறை ப்ராசஸர்களையும் அதற்கு முந்தியவற்றையும் ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்கள்கூட இதனால் ஓய்வுபெற வேண்டிய நிலை. ஓராண்டு நீட்டிப்பு வாங்கலாம், லினக்ஸுக்கு மாறலாம். ஆனால் பள்ளி, ஆபீஸ், கணக்கு என்று விண்டோஸிலேயே பழகிய வீடுகள் புதிது வாங்கத்தான் கணக்குப் போடுகின்றன.

சினிமாத் தெரு சில்லுத் தெருவானது

1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய தெரு இது. அரசுப் பலகையில் இன்று டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். ஆனால் டாக்ஸிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். ஒரு காலத்தில் இது சினிமாத் தெரு. 'ஷோலே' 1975-இல் வெளியாகி ஐந்து ஆண்டுகள் ஓடிய மினர்வா தியேட்டர் இங்கேதான் இருந்தது. படம் வாங்கி விற்பவர்களின் ஆபீஸ்களும் இந்த வட்டாரத்தில்தான். கூடவே ரேடியோ உதிரிப் பாகக் கடைகள். ரேடியோ போய் டி.வி. வந்தது, டி.வி.யை அடுத்து கம்ப்யூட்டர்.

தெருவின் வியாபார முறை தனி ரகம். வாங்க வருபவர் முதல் கடையில் ஒரு கொட்டேஷன் கேட்பார். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், மானிட்டர் என்று வரிசையாக விலை எழுதிய சீட்டு கைக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த கடை. அங்கே சில வரிகளில் விலை குறையும், வேறு சில வரிகளில் ஏறும். நாலைந்து கடை ஏறி இறங்கினால் ஒவ்வொரு பாகத்தின் நியாயமான விலையும் புரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. ஆபீஸ் போகிறவர்களுக்கு சனிக்கிழமைதான் வழி, அன்றுதான் கூட்டமும்.

அசெம்பிள் செய்த மெஷின் என்றால் மட்டம் என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் முழு அளவு கம்ப்யூட்டர் பாகம் பாகமாகக் கோக்கப்பட்டது இதே நகரத்தில்தான். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக், சுமார் 2,700 வால்வுகள் கொண்டது. அதன் நினைவகத்தில் 2,048 சொற்களுக்குத்தான் இடம். அந்தக் குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன்.

மட்டம் என்ற எண்ணத்துக்கு 1990-களில் காரணம் இருந்தது. இறக்குமதி வரி கனத்தது. பில் இல்லாமல் வந்த பாகங்கள் தாராளமாகப் புழங்கின. பிராண்டட் மெஷினுக்கும் அசெம்பிள் மெஷினுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1997-இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கம்ப்யூட்டர்கள் மீதான சுங்க வரி படிப்படியாக நீங்கியது. பிராண்டட் விலை இறங்க, இடைவெளி சுருங்கியது. லாமிங்டன் ரோட்டுக்கு இன்று போவதன் லாபம் விலையில் மட்டும் இல்லை. எந்தப் பாகம் வேண்டும் என்பதை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

பில் எனும் கவசம்

அந்தச் சுதந்திரத்தோடு சில பொறிகளும் உண்டு. ஒரே ப்ராசஸர் இரண்டு விதமாகக் கிடைக்கும்: கம்பெனி பெட்டியில் மூடிவருவது 'பாக்ஸ்', மொத்தத் தட்டிலிருந்து எடுத்துத் தருவது 'ட்ரே'. பாக்ஸுக்கு இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே மூன்றாண்டு வாரண்டி தருகின்றன. ட்ரேக்குக் கடைக்காரர் வாக்குதான் வாரண்டி. கொட்டேஷன் சீட்டில் இந்த ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது பில். கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ரூ 40,000 மதிப்புள்ள பாகங்களுக்கு ரூ 7,200 வரி. பில் இல்லாமல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நடுத்தரக் குடும்பத்துக்குச் சபலம் தட்டும். ஆனால் வாரண்டி கேட்டுப் போகும்போது வாங்கிய தேதிக்கு அத்தாட்சி அந்தப் பில்தான். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள சிறு வியாபாரி கட்டிய வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டால் அதுவும் போச்சு. கடைக்காரர் 'சும்மா' போட்டுத் தரும் விண்டோஸும் இதே வகைதான். அது திருட்டுப் பிரதியாக இருந்தால் பின்னால் வரும் தொல்லைக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

விலையை ஒத்திப்போடுவதும் எப்போதும் பலிப்பதில்லை. 2025-இன் பிற்பகுதியில் ஏ.ஐ. நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் போன வாரக் கொட்டேஷன் இந்த வாரம் செல்லாது.

மாட்டுங்கா: தரையில் வைக்காதே

தமிழர்களை இந்த நகரத்துக்கு அழைத்துவந்ததில் ஒரு மெஷினுக்குப் பெரும் பங்கு உண்டு. அது டைப்ரைட்டர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்த சர்டிஃபிகேட்டோடு ரயிலேறிய இளைஞர்கள் கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் வேலைக்கு அமர்ந்தார்கள், மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932-இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கமும், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள ஓட்டல்களும், பூக்கடைகளும் அந்தத் தலைமுறையின் முத்திரைகள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு கீபோர்டு புதிதல்ல. என்ன வாங்க வேண்டும் என்பதும் தெரியும். பாகங்களின் பட்டியலைத் தாங்களே தயாரித்து, சில பாகங்களை ஆன்லைனிலும் மற்றவற்றை லாமிங்டன் ரோட்டிலும் வாங்கி, வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு அதுவே சரியான வழி. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவருக்கு மெக்கானிக் தேவையில்லை.

மாட்டுங்காவின் பிரச்சினை வேறு; அது மழை. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் நகரில் முதலில் தண்ணீர் தேங்கும் இடங்களில் சேர்ந்தவை. 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் நனைந்த மெஷினுக்கு சாதாரண வாரண்டி கிடையாது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் எங்கே வாங்கினாலும், சி.பி.யூ.வை ஏற்றி வைக்க ஒரு மேசையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

செம்பூர்: வீடு தேடி வரும் ஆள்

மாட்டுங்காவில் இடம் போதாமல் போனபோது பல தமிழ்க் குடும்பங்கள் கிழக்கே செம்பூருக்கு நகர்ந்தன. செடா நகர் முருகன் கோயிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் கச்சேரிகளும் அவர்களுக்கு அடையாளம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஓய்வுபெற்ற தம்பதியர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பென்ஷன் கணக்கு, பேங்க் வேலை, பேரனோடு வீடியோவில் பேச்சு. இதற்குப் பெரிய சக்திவாய்ந்த மெஷின் தேவையில்லை. பெரிய எழுத்துத் தெரியும் மானிட்டரும், கூப்பிட்டால் வரும் ஆளும்தான் தேவை.

இவர்களுக்கு லாமிங்டன் ரோடு சிக்கனமல்ல. அசெம்பிள் மெஷினில் வாரண்டி பாகத்துக்குப் பாகம் மாறும்: மதர்போர்டுக்கு மூன்றாண்டு என்றால் ராமுக்கு இன்னும் அதிகம். ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடித்து, கழற்றி, அந்தந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது வாங்கியவர் பொறுப்பு. எழுபது வயதில் குர்லாவிலும் தாதரிலும் ரயில் மாறி அதைச் செய்ய முடியாது. பிராண்டட் டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் ஓராண்டு வாரண்டிதான். ஆனால் வீட்டுக்கே வந்து பார்க்கும் 'ஆன்சைட்' சேவை அதில் சேர்ந்திருந்தால், கொஞ்சம் பணம் கட்டி அதை மூன்றாண்டாக நீட்டிக்கொள்வது இவர்களுக்கு லாபம். 1967-இல் மாஹிமில் சிறு கடையாகத் தொடங்கிய விஜய் சேல்ஸ், 2006-இல் ஜுஹுவில் முதல் கடை திறந்த குரோமா போன்ற பெரிய ஷோரூம்கள் இந்தத் தேவைக்குப் பொருந்துகின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சர்வீஸுக்கு வருவது கடை ஆளா, கம்பெனி ஆளா?

தாராவி: பிழைப்போடு கட்டிய மெஷின்

தாராவியில் கணக்கு இன்னும் இறுக்கமானது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இன்று தோல் பை, ரெடிமேட் துணி, எம்பிராய்டரி, உணவுப் பண்டம் என்று பல தொழில்களில் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பதிவு பெற்ற சிறு பட்டறைக்கும் கம்ப்யூட்டர் தவிர்க்க முடியாததாயிற்று. பகலில் பில் போடும் மெஷினில் இரவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் மேசை என்பது ஒருவர் படுக்கும் இடம். லேப்டாப் வாங்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பில் வேகம் அதிகம், பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். அந்த ஒரு காரணம் இங்கே பல வீடுகளில் தீர்ப்பை மாற்றிவிடுகிறது.

இங்கே மெஷின் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் பில் நிற்கும். அதனால் லாமிங்டன் ரோட்டு விலையைவிட, கூப்பிட்ட குரலுக்கு மாற்று எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்து நிற்கும் உள்ளூர் மெக்கானிக்குக்கு மதிப்பு அதிகம். அவர் வாங்குவதும் பெரும்பாலும் அதே மொத்த மார்க்கெட்டில்தான். மேலே வைக்கும் லாபம் ஓடி வருவதற்கான கூலி. விவரம் தெரிந்தவர்கள் லாமிங்டன் ரோட்டுக்குப் போய் கொட்டேஷன் மட்டும் வாங்கி வருகிறார்கள். அதை உள்ளூர்க்காரரிடம் காட்டி, பில்லோடு வாங்கித் தரச் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் நியாயமான பேரம்.

எச்சரிக்கை தேவைப்படுவது பழைய ஆபீஸ் மெஷின்களில். கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் சுத்தம் செய்யப்பட்டு மலிவாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியவை விண்டோஸ் 11-க்கு ஏற்றவையல்ல. ப்ராசஸரின் பெயரில் முதல் எண்ணைப் பார்த்தாலே தெரியும்: ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை. மலிவுக்கான காரணம் பல சமயம் அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

நகரம் கழித்துப்போடும் மெஷின்களும் தாராவிக்கு வருகின்றன. 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பொருள்கள் தரம் பிரிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, உருக்கி மணிகளாக்கப்படுகின்றன. அவற்றில் மானிட்டர் கூடுகளும் உண்டு. பழைய மெஷினைக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதுதான் முறை.

தாராவியின் சீரமைப்புத் திட்டம் இந்த எளிய வியாபாரத்தின் மேலும் நிழல் விரிக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியேறியவர்களுக்கு உள்ளேயே வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே என்பது அரசின் விதி. வாடிக்கையாளர் ஒரு மூலைக்கும் மெக்கானிக் வேறு மூலைக்கும் போக நேர்ந்தால், எழுத்தில் இல்லாத அந்த வாரண்டி போய்விடும். எந்தக் கம்பெனியும் அதற்கு மாற்றுத் தராது. ஆகவே வாய்வார்த்தையை நம்பி வாங்கிப் பழகிய தாராவிக்காரர்கள் இனி ஒவ்வொரு பாகத்துக்கும் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்கி பத்திரப்படுத்துவது அவசியம்.

தானே கோக்கத் தெரிந்தவருக்கு லாமிங்டன் ரோடு. தனியாக இருக்கும் முதியவருக்கு ஆன்சைட் சேவையோடு ஷோரூம். மெஷினை நம்பிப் பிழைப்பவருக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் மெக்கானிக். ரயிலேறுவதற்கு முன்பே, பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டால், எங்கே வாங்குவது என்ற விவாதம் வீட்டிலேயே முடிந்துவிடும்.