மடியும் தட்டும்

எங்கம்மாவுக்கு முள்ளங்கித் தழைன்னா ஆவாது. ஆண்டை கொல்லையில் முள்ளங்கி பிடுங்கும் நாளில் கிழங்கு கூடைக்குப் போகும், தழை அம்மா மடிக்கு வரும். எட்ட நின்றுதான் எறிவார்கள். அதைக் கடைந்து போட்டுத்தான் எங்களை வளர்த்தது. "அவங்க கழிச்சதத் தின்னு வளந்த ஒடம்புடா இது" என்று சொல்லும்.

அந்தக் கொல்லை இன்று ஒரகடம் சிப்காட்டில் ஒரு மதிலுக்குள் இருக்கிறது. அதே சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் ஒப்பந்தக் கூலியாக மூணு வருஷம் காய் நறுக்கினேன். காலிபிளவரில் பூ மட்டும் சட்டிக்கு. இலையும் தண்டும், கிட்டத்தட்ட பாதி எடை, டிரம்முக்கு. பீட்ரூட் கீரைக்கும் அதே கதி.

அப்பதான் என் மகளுக்கு ரத்தசோகைன்னு சொன்னாங்க. அவள் மட்டுமில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலோ, காலிபிளவர் பூவைவிட இலையில்தான் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பல மடங்கு என்கிறது. சத்தைத்தான் டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல இலையாய்ப் பொறுக்கி ஒரு பை கட்டினேன். உப்புத் தண்ணீரில் அலசி, கொதிநீரில் முக்கி எடுத்து, நிழலில் காயவைத்துப் பொடித்தால் அடை மாவில் கலக்கலாம். கேட்டில் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவங்க கொட்டினா கழிவு, நான் எடுத்தா திருட்டு.

மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மாம்பழத் தோல் பொடியை பிஸ்கட் மாவில் சேர்த்து நார்ச்சத்தைக் கூட்டிக் காட்டினார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சரிடா, அந்தப் பொடிய யாரு தட்டுல போடுவாங்க?" என்றது.

கேள்வி அதுதான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயில் விழுந்த பெண் தொழிலாளிகளுக்காக, அவர்களோடு வேலை செய்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையை மறித்தார்கள். சத்து என்ற பேரில் அழுகினதை எங்க பக்கம் தள்ளக் கூடாது. இலையைப் பூவோடு சேர்த்தே அலசட்டும், அன்றைக்கே சமைக்கட்டும். ஆபீசர் சப்பாத்தியிலும் எங்க சப்பாத்தியிலும் ஒரே மாவாகக் கலக்கட்டும். அப்போ அது கழிவு இல்லை, கீரை. எங்களுக்கு மட்டும்னு போட்டா, அது அம்மா ஏந்தின பழைய மடிதான்.