டெட்ராயிட் நகரில் கேட்ட பாட்டு

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பரண்மேல் இருந்த பெட்டிகளை இறக்கியபோது, பழைய செய்தித்தாளில் சுற்றிய இசைத்தட்டு ஒன்று என் பேத்தியின் கையில் அகப்பட்டது. "தாத்தா, இது யார் பாடியது?" என்று கேட்டாள். "பாட்டு அன்று, அம்மா, ஒரு பாதிரியாரின் பிரசங்கம்" என்றேன். திருப்புகழும் காவடிச் சிந்தும் ஒலித்துவந்த மாட்டுங்கா வீட்டில் கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு என்ன வேலை என்று அவள் வியந்தாள். அப்போது நான் முழு விடை சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாத செய்தி அது. சங்கத்து அன்பர்கள் முன்னிலையில் இன்று சொல்லிவிடுகிறேன்.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பொறியியல் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் டெட்ராயிட் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். கையில் பணம் குறைவு. குறைந்த வாடகைக்கு அறை தேடியபோது, நகரின் மேற்குப் பகுதியில், பன்னிரண்டாம் தெருவுக்கு அருகே, கறுப்பின மூதாட்டியார் ஒருவர் வீட்டு மாடியறை கிடைத்தது. "அந்தப் பகுதியிலா குடியிருக்கப் போகிறாய்?" என்று நம் நாட்டு நண்பர்கள் முகம் சுளித்தார்கள். வாடகையின் குறைவே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

அம்மூதாட்டியார் அலபாமா மாநிலத்துப் பருத்திக் காட்டில் பிறந்தவர். போர்டு கார்த் தொழிற்சாலையின் வார்ப்படச் சாலையில் வேலை கிடைத்த கணவருடன் இளவயதிலேயே டெட்ராயிட்டுக்கு வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் இவ்வாறு தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். பிழைப்புக்காகத் திருநெல்வேலியை விட்டுப் பம்பாய்க்கு ரயிலேறிய என் தந்தையாரின் கதையைச் சொன்னேன். அவர் தலையசைத்து, "எல்லோர் கதையும் ஒரு கதைதான், மகனே" என்றார்.

தெற்கத்தி வழக்கப்படி அவர் கீரையைப் பன்றிக் கொழுப்பிட்டு வேகவைப்பார். நான் புலால் உண்ணாதவன் என்று தெரிந்த மறுநாளே, கடைக்குப் போய்ச் சிறு பாத்திரம் ஒன்று வாங்கி வந்தார். அன்று முதல் எனக்கென்று தனியாகக் கீரை வெந்தது. அந்தப் பாத்திரத்தில் வேறு எதையும் அவர் சமைத்ததில்லை. நான் கேட்டுப் பெற்ற சலுகை அன்று அது.

அவருடன் ஒரு பேரனும் இருந்தான். கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. சம்பள நாளன்று அவன் கையில் நிச்சயம் ஓர் இசைத்தட்டு இருக்கும். நம் வீட்டுக் கிராமபோன் தட்டுகளைப்போல் கனமாகவும் எளிதில் உடைவதாகவும் அது இராது. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டு. நடுவே பெரிய துளை. பக்கத்துக்கு ஒரு பாட்டு. 'சோல்' இசை என்று அவன் சொன்னான். சோல் என்றால் ஆன்மா. காதல் பாட்டுக்கு ஆன்மா என்ற பெயரா என்று நான் நகைத்தேன்.

ஒரு மாலை அவன் என்னை மேற்கு கிராண்ட் பெருஞ்சாலைக்கு அழைத்துச் சென்று ஒரு வீட்டைக் காட்டினான். நம் மாட்டுங்காவில் இருந்தால் யாரும் திரும்பிப் பாராத அளவுக்குச் சாதாரண வீடு. முகப்பில் 'ஹிட்ஸ்வில்' என்ற பெயர்ப் பலகை. மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் அதுதான். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்த பெரி கார்டி என்பவர், 1959இல் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று அந்தத் தொழிலைத் தொடங்கினார். ஒருவர் சட்டம் அமைக்க, ஒருவர் சக்கரம் மாட்ட, ஒருவர் சோதித்து அனுப்பக் கார் உருவாவதுபோல், பாட்டெழுதுவோர், வாத்தியக்காரர், பாடகர், தரம் பார்ப்போர் என்று வேலையைப் பகுத்தார். மேடையில் நிற்கவும் நடக்கவும் பாடகர்களுக்குப் பயிற்சி தருவதற்குக்கூட ஓர் அம்மையார் இருந்தார்.

சனிக்கிழமை இரவொன்றில், 'ட்வென்டி கிராண்ட்' என்ற இரவு விடுதிக்கு அவனோடு போனேன். குடிக்காத எனக்கு இஞ்சிச் சோடா வாங்கித் தந்தான். பகலெல்லாம் எண்ணெய்க் கறையில் உழைத்தவர்கள் மடிப்புக் கலையாத உடையில் வந்திருந்தார்கள். பாடகர் ஓர் அடி பாட, கூட்டம் அதற்கு விடை பாடியது. கைத்தட்டு நாம் தட்டுகிற முதல் தட்டில் விழாமல், இரண்டிலும் நான்கிலும் விழுந்தது. பழக சிறிது நேரம் ஆயிற்று. பிறகு, பஜனை மடத்தில் பாகவதர் எடுத்துக் கொடுக்க நாங்கள் திருப்பிச் சொல்வதன்றோ இது என்று தோன்றியது.

மறுநாள் மூதாட்டியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிற்பகலில்தான், "நேற்று நீ கேட்டது எங்கள் கோயில் மெட்டு, மகனே. கும்பிடும் சாமியை மட்டும் மாற்றிவிட்டார்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காவடிச் சிந்து மெட்டில் சினிமாவில் காதல் பாட்டா என்று என் தந்தையார் வருந்தியது நினைவுக்கு வந்தது. மூதாட்டியார் சொன்னதில் உண்மையும் இருந்தது. ரே சார்ல்ஸ் என்ற கண்பார்வையற்ற பாடகர் 1954இல் ஒரு பக்திப் பாட்டின் போக்கில் காதல் பாட்டொன்றைப் பாடிப் பதிவு செய்தார். சோல் இசையின் ஊற்றுக்களில் ஒன்றாக அதனைச் சொல்வார்கள்.

அவர் மனம் குளிரக் கேட்ட தட்டு ஒன்றே ஒன்று. சி. எல். பிராங்க்ளின் என்ற பாதிரியார், கழுகு தன் கூட்டைக் கலைப்பதைப்பற்றிச் செய்த பிரசங்கம். பேச்சாகத் தொடங்கிப் பாட்டாக முடிவது அது. தாய்க் கழுகு கூட்டைக் கலைப்பது குஞ்சுகள்மீது வெறுப்பினால் அன்று, அவை பறக்கக் கற்றுக்கொள்ளத்தான் என்று மூதாட்டியார் எனக்கு விளக்கினார். ஊரை விட்டு வந்தவர்க்கு அந்தச் சொல் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதை 1953இல் பதிவு செய்தவர் ஜோ வான் பேட்டில் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர். ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்தது அவர் கடை. பாதிரியாரின் மகள் அரீதாவின் குரலையும் அவள் சிறுமியாய் இருந்த 1956இல் முதன்முதல் தட்டில் ஏற்றியவர் அவரே. கறுப்பின மக்களின் கடைத்தெருவாக விளங்கிய ஹேஸ்டிங்ஸ் தெரு, நெடுஞ்சாலை அமைப்பதற்காக இடித்து அழிக்கப்பட்டது. ஜோ தம் கடையைப் பன்னிரண்டாம் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். மூதாட்டியாருக்காக ஊசி வாங்க நான் அங்கே போனதுண்டு.

1967ஆம் ஆண்டுக் கோடையில் நகரெங்கும் ஒலித்த குரல் அரீதாவினுடையது. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய பாட்டில், வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் மரியாதை கேட்பான். அரீதா அதை ஒரு பெண்ணின் உரிமைக் குரலாக்கி, மரியாதை என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாடினார். ஜூன் மாதம் அது நாட்டின் முதலிடப் பாட்டாயிற்று. பெண்கள் அதில் தங்கள் குறையைக் கேட்டார்கள். கறுப்பின மக்கள் தங்கள் குறையைக் கேட்டார்கள். மூதாட்டியார்கூட, "பாதிரியார் மகள் கோயிலை மறந்துவிடவில்லை" என்று சொல்லிக் காலால் தாளம் போட்டார்.

ஜூலை 23, ஞாயிறு விடியற்காலம். பன்னிரண்டாம் தெருவில், உரிமமின்றி நடந்த மதுவிடுதி ஒன்றில் போலீசார் நுழைந்து 80க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். வியத்நாம் போரிலிருந்து திரும்பிய இருவரை வரவேற்கக் கூடியிருந்த கூட்டம் அது. தெருவில் திரண்டவர்களிடையே போலீசார்மீதும், வேலையிலும் வீட்டிலும் காட்டப்பட்ட வேற்றுமைமீதும் பல்லாண்டாகக் குமைந்த சினம் மூண்டது. ஐந்து நாள் கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள்; அவர்களுள் 33 பேர் கறுப்பினத்தவர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாழாயின. தெருவில் ராணுவ டாங்கிகள் ஓடின. அந்த ஞாயிறன்று பாக்ஸ் அரங்கில் பாடிக்கொண்டிருந்த மார்த்தா ரீவ்ஸ், தெருவில் ஆட வாருங்கள் என்று 1964இல் பாடிப் புகழ்பெற்ற அதே பாடகி, அமைதியாக வீடு திரும்புங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

கறுப்பினத்தார் தங்கள் கடைகளைக் காத்துக்கொள்ளக் கண்ணாடியில் 'சோல் பிரதர்' என்று எழுதி வைத்தார்கள். ஆன்மச் சகோதரன் என்பது பொருள். பேரனும் வண்ணமும் தூரிகையும் எடுத்துப் போய், பக்கத்து முடிதிருத்தும் கடையில் எழுதிவிட்டு வந்தான். இசைத்தட்டின் உறையில் நான் கண்டு நகைத்த சொல், உயிருக்கும் உடைமைக்கும் காப்பாக நின்றது. ஆயினும் அது எல்லோரையும் காக்கவில்லை. ஜோவின் கடை சூறையாடப்பட்டு எரிந்தது. ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் அழிந்தன. அவற்றில் இருந்த குரல்களை மீண்டும் கேட்க வழியில்லை.

அந்த இரவுகளில் நாங்கள் மூவரும் விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்திருந்தோம். துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் மூதாட்டியாரின் கை இருளில் என் தோளைத் தேடி வந்து தொட்டது. இரவில் வெளியே வரக்கூடாதென்பது ஊரடங்கு உத்தரவு. நான்காம் நாள் பகலில், புறநகரில் இருந்த நம் நாட்டு நண்பர் ஒருவர் காருடன் வந்து வாசலில் நின்றார். "உனக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? உடனே கிளம்பு" என்றார். நான் கிளம்பினேன்.

அஞ்சியது குற்றம் அன்று. சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம். நானோ, "பரீட்சைக்குப் படிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன்" என்றேன். கோடை விடுமுறையில் ஏது பரீட்சை? அவருக்குத் தெரியும். என்னைச் சற்று நேரம் பார்த்தார். உள்ளே போய், அந்தப் பிரசங்கத் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கூடு கலைகிற நேரம், மகனே. பத்திரமாகப் பற" என்றார். நான் திரும்பிப் போகவில்லை. பாக்கி வாடகையை மணியார்டரில் அனுப்பினேன். அதனுடன் ஒரு வரிகூட எழுதவில்லை.

1968ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து என் அக்கா எழுதிய கடிதம் வந்தது. தென்னாட்டாரை வெளியேறச் சொல்லும் கூச்சல் பம்பாயில் எழுந்திருந்த காலம். ஒரு நாள் எங்கள் தெருவில் கூட்டம் நுழைந்ததாம். பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார், நாங்கள் சிறுவயதுமுதல் 'மாவ்ஷி' என்று அழைத்தவர், எங்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, "இவர்கள் என் வீட்டார்" என்று சொல்லி, அந்தி சாயும்வரை எழுந்திருக்கவில்லையாம். "தம்பி, பிறத்தியார் என்று யாரைச் சொல்வது?" என்று அக்கா முடித்திருந்தாள். அவள் என்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை; நடந்தது அவளுக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் கடிதத்தை என்னால் இருமுறை படிக்க முடியவில்லை.

1971இல் மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. போரையும், போலீசாரின் தடியையும், வறுமையையும்பற்றி மென்மையான குரலில் கேள்வி கேட்ட பாட்டுக்கள் அவை. அத்தட்டின் உறையில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை மோட்டவுன் தட்டுகளில் பெயரே இல்லாமல் உழைத்த வாத்தியக்காரரின் பெயர்கள் முதன்முதலாக அச்சாகியிருந்தன. நூற்றுக்கணக்கான பாட்டுக்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற தந்திக் கலைஞரின் பெயரை அன்றுதான் படித்தேன். மரியாதை என்பது பெயரைச் சொல்வதில் தொடங்குகிறது. நான் அந்த வீட்டில் இருந்தவரை மூதாட்டியாரின் பெயரை நண்பர் எவரிடமும் சொன்னதில்லை. "வீட்டுக்காரி" என்றே சொல்லிவந்தேன்.

1972இல், தாய்நாடு திரும்புமுன், டெட்ராயிட்டுக்குப் போனேன். மோட்டவுன் அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டாம் தெருவில் கடைகள் இருந்த இடங்கள் வெற்று மனைகளாய்க் கிடந்தன. பின்னர் 1976இல் அத்தெருவுக்கு, பஸ்ஸில் இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரின் பெயரைச் சூட்டினார்கள். நான் தேடிய வீடு நின்றது. கதவைத் திறந்தவர்கள் வேற்றார். மூதாட்டியாரைப்பற்றியோ பேரனைப்பற்றியோ அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பேத்தி ஓர் இசைத்தட்டுக் கருவியை இரவல் வாங்கி வந்தாள். பேச்சாகத் தொடங்கிய குரல் சிறிது சிறிதாகப் பாட்டாக உயர்ந்தது; கூட்டம் விடை கூறிற்று. ஜோவின் கடை எரிந்தும் இது மிஞ்சியது, ஒருவர் பதிவு செய்ததாலும் ஒருவர் கொடுத்ததாலும். நம் வீடுகளிலும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அக்குரல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

பிரசங்கம் முடிந்ததும், "அந்தப் பாட்டிக்கு நீங்கள் கடிதம் எழுதினீர்களா, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். எழுதவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகி, படிக்க இயலாத மொழியில், அவருக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதிய கடிதம் இதுவே.